யாரையும் ஒன்றும் கேட்காத சம்பங்கி

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சம்பங்கியைக் கொள்கை பிடித்த கதையைச் சொல்கிறேன். பேய் பிடித்திருந்தால் வேப்பிலை அடித்து இறக்கியிருக்கலாம். இது தேன்கனிக்கோட்டைச் சந்தையில் ஒலிபெருக்கி வழியாகப் பிடித்தது.

முதல் பொதுத்தேர்தலுக்கு முந்தைய மாதங்கள் அவை. ஜவளகிரிக் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே கிணற்றடியில் புரளும். மூன்றிலும் திட்டத் தெரியாதவர்கள் இங்கே குப்பை கொட்ட முடியாது. ஆனால் கொள்கை என்ற சொல் அதுவரை எங்கள் கிணற்றடிக்கு வந்ததில்லை. சந்தையில் ஒரு கட்சிக்காரர் மேசைமேல் ஏறி, கொள்கை இல்லாதவன் மனிதனே இல்லை என்று முழங்கினாராம். உப்பு வாங்கப் போன சம்பங்கி உப்பை மறந்துவிட்டு அந்தச் சொல்லோடு வீடு வந்து சேர்ந்தார்.

பிறகு அதற்குப் பொருள் தேடி அலைந்தார். கட்சிகள் வைத்திருப்பதுதான் கொள்கை, உனக்கெதற்கு என்றார் கணக்குப்பிள்ளை. கன்னடம் பேசும் கங்கப்பன், அதை நாங்கள் தத்வ என்போம், சாமியார்களிடம் இருக்கும் என்றார். புளி வியாபாரி முனீர் அகமதுதான் கொஞ்சம் யோசித்தார். நஷ்டம் வந்தாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கொள்கை, அதனால் நான் வியாபாரத்தில் அதை வைத்துக்கொள்வதில்லை என்றார். சம்பங்கிக்கு இது பிடித்துப்போயிற்று. தனக்கும் ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தார். குடியை விடலாம் என்றால் சர்க்காரே மதுவிலக்குப் போட்டு அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போயிருந்தது. பொய்யை விடலாம் என்றால் மாடு விற்க முடியாது. கடைசியில், யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று ஒன்றைப் பிடித்தார். செலவில்லாத கொள்கை என்று அவருக்கு நினைப்பு.

மனிதர் பிடித்த பிடியை விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஊர் திரும்ப ஓசூரில் எந்த பஸ் என்று யாரையும் கேட்காமல் ஏறி, இராயக்கோட்டையில் போய் இறங்கினார். முனீர் அகமது இவர் வீட்டுப் புளிக்கு ஒரு விலை சொன்னபோது, கூடக் கேட்பது கொள்கைக்கு இழுக்கு என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனீர் அகமதுக்கே மனசு கேட்காமல், "அண்ணே, ஒரு வார்த்தை பேரம் பேசுங்க, எனக்கே சங்கடமா இருக்கு" என்றாராம். சம்பங்கி வானத்தைப் பார்த்தார். ஊரில் அவருக்குக் கொள்கைக்காரர் என்று பெயரே வந்துவிட்டது. யாரிடமும் கைநீட்டாத மனிதர் என்று ஆண்கள் மெச்சிக்கொண்டார்கள்.

பெண்களுக்குத் தெரியும். அவர் கேட்காததையெல்லாம் அவர் பெண்சாதி வெள்ளையம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு நெருப்பு, என் முறம், என் வீட்டுக்காரர் திம்மராயனின் ஏர்க்கயிறு, இன்னொரு வீட்டில் விதை ராகி. புளிமூட்டை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பேரம் பேசியதும் அவள்தான். "அவருக்குக் கொள்கையாம், நீ கொஞ்சம் நெருப்பு குடு நாகம்மா" என்று சிரித்துக்கொண்டே வாசலில் நிற்பாள். சிரிப்பு போகப்போகக் குறைந்தது. எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும் விடப் பெரிது ராகி அறுப்பு. எங்கள் ஊரில் கொல்லை என்றால் புன்செய் நிலம்; அறுப்புக்கு இன்று உன் கொல்லைக்கு நான், நாளை என் கொல்லைக்கு நீ என்று ஆளுக்கு ஆள் கைகொடுப்போம். ஆனால் வீடு வீடாக வந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாத கொல்லையில் கால் வைப்பதைப் போல மானக்கேடு வேறில்லை. வருஷா வருஷம் வெள்ளையம்மா போய்க் கூப்பிடுவாள், நாங்கள் போவோம்.

அடுத்த தேர்தல் வந்தது. எங்கள் ஊரிலேயே கூட்டம் போட்டார்கள். கொள்கைக்காரர் என்று கேள்விப்பட்டுச் சம்பங்கியை மேடையேற்றி மாலையும் போட்டார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, இத்தனை வருஷமாக என் வீட்டுக்காக எவன் வாசலையும் மிதித்ததில்லை என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. என் சிரிப்புதான் பெரிது. வெள்ளையம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளையம்மா அவரிடம் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"எனக்கும் ஒரு கொள்கை வந்திருச்சுங்க. இனிமே நானும் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்ல."

ராகி முற்றித் தலை சாய்ந்திருந்த நேரம். காட்டிலிருந்து யானைகள் இறங்க ஆரம்பித்திருந்தன. அந்தக் கொல்லை போனால் அடுத்த வருஷம் வரை அவர்களுக்குக் களி இல்லை. சம்பங்கி அசரவில்லை. தெருவில் நின்று, ராகி நன்றாக முற்றிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். அப்படியா, சந்தோஷம் என்றார்கள். யானை பக்கத்தில் வந்துவிட்டதாம் என்றார். ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் மனசு தாங்காமல் அரிவாளை எடுத்தார். கூப்பிடாமல் போனால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றேன். ஆமாம், எனக்கும்தான் கொள்கை இருக்கிறது.

ஒரு விடியற்காலை, பக்கத்துக் கொல்லையை யானைகள் துவைத்துப் போட்டிருந்தன. அது கிருஷ்ணப்பனுடையது. அடுத்தது சம்பங்கியுடையது. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்தார். நான் வேலியோரம் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். பறித்து முடித்த பிறகும் நின்றேன்.

"எப்பிடி வெள்ளம்மா கேக்கறது?" என்றார்.

வெள்ளையம்மா அடுப்பை விட்டுத் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "மொதல்ல சாப்புட்டீங்களான்னு கேளுங்க. அப்புறம், நாளைக்கு எங்க கொல்லையில அறுப்பு, வந்து கை குடுங்கன்னு சொல்லுங்க. சொல்லிட்டு ஒடனே திரும்பிடக் கூடாது. அவங்க வாயத் தொறக்கற வரைக்கும் அங்கியே நிக்கணும். அதான் கஷ்டம்."

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். சாப்பிட்டீங்களா என்றார். அப்புறம் துண்டை முறுக்கினார், கூரையைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். நான் தொடையில் கிள்ளினேன். சம்பங்கி முழுவதையும் சொல்லி முடித்தார், நெற்றியெல்லாம் வேர்வை. அன்று எல்லா வாசலிலும் அப்படி நின்றார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு முன்னால் அரிவாளோடு ஊரே கூடிவிட்டது. சம்பங்கி முன்னே நடக்க, நாங்களும் கிளம்பினோம். வெள்ளையம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கதவோரம் உட்கார்ந்து கம்பளி மடித்துக்கொண்டிருந்தாள். வா என்று நான் வாயெடுப்பதற்குள் சம்பங்கி திரும்பிப் போய்விட்டார். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை.

"சாப்புட்டியா வெள்ளம்மா?" என்றார். "நம்ம கொல்லையில இன்னிக்கி அறுப்பு. வந்து கை குடு."

சொல்லிவிட்டு, அவள் வாய் திறக்கும் வரை அங்கேயே நின்றார். வெள்ளையம்மா அவசரப்படவில்லை.