கம்பளி நூலில் ஏறிய மஞ்சள்

நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கான லட்டு ஆர்டர் அம்மாவுக்குக் கிடைக்கும் போலிருந்தது. விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து எடைபோடும் வேலையை விட்டுப் பலகாரம் போட ஆரம்பித்தபின் அவளுக்கு வரவிருந்த முதல் பெரிய ஆர்டர். அம்மா கொண்டுவந்த மாதிரி லட்டுகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, விழாப் பொறுப்பில் இருந்த மூத்த ஆசிரியை என்னிடம் பேச்சை இழுத்தார்.

"கோச்சுக்காதீக டீச்சர். உங்கம்மா மருந்து அள்ளுன கை. லட்டும் மஞ்சளா இருக்கு. கந்தகம் கிந்தகம் ஒட்டியிருந்தா? பிள்ளைக திங்கிறதாச்சே?"

அம்மா வராண்டா பெஞ்சில்தான் இருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். போதாததற்கு அதே பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள்.

"கந்தகம் தண்ணியில கரையாதுங்க! லேபுக்கு வாங்க, காட்டுறேன்." அம்மாவின் மாதிரியில் இன்னொரு லட்டையும், அவர் டீக்கு வாங்கி வைத்திருந்த பஜார் லட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு லட்டையும் ஒரே எடையில் வெந்நீரில் கரைத்து, மிதந்த நெய்யை நீக்கினேன். தண்ணீர் மஞ்சளானது. கரைகிற நிறம், கந்தகம் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சள்தூளாக இருந்தால் சிவந்திருக்கும், சிவக்கவில்லை. டார்ட்ரசின் என்கிற கலர்ப்பொடிதான். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்பதால் வரும் மஞ்சள் அது. அடுப்புச் சூட்டுக்கு அசையாது. புளிப்பான தண்ணீரில் கம்பளியை விடாமல் பிடித்துக்கொள்ளும். மீதி இருந்த இரண்டு தண்ணீரிலும் வினிகர் விட்டு, வெள்ளைக் கம்பளி நூல் ஒவ்வொன்று போட்டுக் கொதிக்க வைத்தேன். கலர்ப்பொடி கூடக்கூட நூலில் மஞ்சளும் அடர்த்தியாக ஏறும்.

அம்மா அந்தப் பொடி போடுவது எனக்குத் தெரியும். அளவோடு போட்டால் சட்டம் அனுமதிப்பதுதான். எவ்வளவு போடுகிறாள் என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நூல் கொதித்துக்கொண்டிருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனோ!

நூல்களை அலசி வெள்ளைத் தாளில் வைத்தேன். பஜார் லட்டின் நூல் சாமந்திப்பூ மஞ்சளாக இருந்தது. அம்மாவுடையது வெளிறிய இளமஞ்சள், அம்புட்டுதான்.

ஆசிரியை வராண்டாவுக்குப் போய் அம்மாவிடமே கேட்டார். "கலர்ப்பொடி எப்படிப் போடுவீக? கண்ணளவா?"

அம்மா எழுந்து நின்றாள். "கண்ணளவா? தராசுல நிறுத்து, தண்ணியில கரைச்சுத்தான் மாவுல ஊத்துவேன். மருந்தக் கண்ணளவுல போட்டிருந்தா நான் இன்னைக்கு இங்கன நிக்க மாட்டேன் டீச்சர். பிள்ளைக திங்கிற லட்டுக்கா அப்படிப் போடுவேன்?"

அந்தக் கைதான் என்னைப் படிக்க வைத்தது. நான் படித்த வேதியியலை எனக்கு முன்பே அது செய்துகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்குப் போல் நான் என்றுமே பெருமைப்பட்டதில்லை.

ஆசிரியை அவ்வளவு நேரமும் கையில் வைத்திருந்த லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.