வீட்டோடு வந்த இன்ஜின்

"…பேரு மட்டும்தான்வே ஜப்பான்காரன் பேரு. பானட்டைத் திறந்தா உள்ள இருக்கது ஜெர்மன்காரன் வீட்டு இன்ஜின். அங்க பொறந்து, இங்கன வந்து ஒட்டிக்கிட்டு, இந்த வீட்டுப் பேரைச் சொல்லித் திரியுது. சுருக்கமாச் சொன்னா வீட்டோட மாப்பிள்ளை. அதுக்கு என்ன மரியாத இருக்கும்?" என்றார் சார்.

டீக்கடை பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தோம். நானும்தான். மெக்கானிக் காக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மேலப்பாளையத்தில் என் பேட்டரிக் கடைக்கு அடுத்தது டீக்கடை. எதிர்ச்சாரியில் காக்காவின் ஒர்க்‌ஷாப். சனிக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்கு அந்தப் பெஞ்சில் கார் பேச்சு தொடங்கும். எங்களில் ஒருத்தரிடமும் நல்ல கார் கிடையாது. என்னிடம் ஒரு மொபெட். சாரிடம் ஒரு ஸ்கூட்டர். இரண்டு உதை வாங்கிவிட்டு, மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பலாமா என்று யோசிக்கும். ஆனால் பேச்சில் நாங்கள் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவோம்.

அதிலும் ஒரு கார் எங்களை விடவே விடாது. பல வருசத்துக்கு முன்னால் நிறுத்திய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. தனியாகச் செய்தால் கட்டுப்படி ஆகாது என்று ஒரு ஜெர்மன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து மறுபடி கொண்டுவந்தார்கள். அது அதே கார்தானா, இல்லையா? இதுதான் வழக்கு.

சார் பாளையங்கோட்டையில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய காரின் படத்தைப் பத்திரிகையில் வெட்டி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். சட்டை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பாராம். நேரில் பழசையும் பார்த்ததில்லை, புதுசையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்றே பேன்ட்டை விட்டு வேட்டிக்கு வந்தவர். மடித்துக் கட்டினால் கட்டினதுதான்; அவருடைய பழைய தலைமையாசிரியர் எதிரே வந்தபோதுகூட இறக்கிவிடாததை நான் பார்த்திருக்கிறேன்.

காக்கா காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன். தினமும் ரயிலில் வந்து போகிறவர். துபாயில் பதினைந்து வருசம் அந்தப் பழைய காரைப் பிரித்துப் பூட்டிய கை அவருடையது. அவர்தான் புதுசுக்கு வக்கீல். "பழசுலயும் ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில நின்னிச்சு. புதுசுலயும் நிக்கி. வரிசை கலையலன்னா குடும்பம் கலையல சார்" என்பார். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்கத்தான் நான் கடையைப் பூட்டாமலே ஓடிவருவேன்.

அன்றைக்கு அவர் டீ கிளாஸைப் பைய வைத்தார். "எங்க வாப்பாவும் வீட்டோட மாப்பிள்ளைதான் சார். நானும்தான்" என்றார். ரயிலுக்கு நேரம் இருந்தும் எழுந்து போய்விட்டார்.

சார் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு மகளுக்கு. அங்கே அது வழக்கம், இங்கேதான் ஏச்சு.

"முப்பது வருசம் உலகப் படத்தைத் தொங்கவிட்டுப் பாடம் நடத்துனேன்வே. ஒரு ரயில் தூரத்துல இருக்க ஊரு தெரியல பாரும்" என்றார் சார்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. துபாயில் காக்காவுக்குப் பழக்கமான திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர், அந்தப் புதுக் காரில் மதுரைக்குப் போகிற வழியில் அன்றிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சார் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். இப்போது எந்த முகத்தோடு போவது?

இரண்டு சனிக்கிழமை காக்கா பெஞ்சுக்கு வரவில்லை. டீயைக் கொடுத்தனுப்பினால் காலிக் கிளாஸ் மட்டும் திரும்பி வந்தது. சார் காக்கா கடை ஷட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? தெரியாமச் சொல்லிட்டேன்னா? அப்ப வேற ஆளுகிட்டன்னா சொல்லலாமான்னு கேப்பாரு. அவரு கேக்கதும் நியாயம்லா" என்றார். மன்னிப்புக்கே பதில் கேள்வி யோசித்துவைத்திருந்த மனுசர்.

மூன்றாவது சனிக்கிழமை கார் வந்தது. மஞ்சள் நிறம். தெருவின் வேகத்தடையில் வயிறு தட்டாமல் இருக்க, கோணலாக ஏறி கோணலாக இறங்கியது. பீடிக் கட்டோடு போன பெண்கள்கூட நின்று பார்த்தார்கள். நெல்லையப்பர் தேர் திரும்புகிற மாதிரி ஆளாளுக்குக் கைகாட்டி ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டு நிறுத்தினோம். என்னத்தைச் சொல்ல, அவ்வளவு அழகு. பின்பக்கத்து வளைவில் கையை வைத்தால் வழுக்கிக்கொண்டே போகும்போல இருந்தது.

சார் தெருவைக் கடக்கவில்லை. டீக்கடை ஓரமாகவே நின்றார்.

காக்கா பானட்டைத் திறந்தார். குனிந்தவர் நிமிராமலே என்னிடம் சொன்னார், எதிர்ச்சாரிக்கும் கேட்கிற குரலில்: "அங்கன நிக்க சார்கிட்டச் சொல்லும், ஆறும் வரிசையாத்தான் நிக்குன்னு."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சார் வந்துவிட்டார். கார்க்காரர் ஸ்டார்ட் பண்ணினார். முதலில் ஒரு செருமல், பிறகு நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு கனத்த முழக்கம். சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். அவரை அவசரப்படுத்த ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

"காக்கா, அன்னைக்கு இதுக்கு என்ன மரியாதன்னு கேட்டேன்லா" என்றார்.

"கேட்டீங்க."

சார் இரண்டடி பின்னால் வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, நேராக நின்றார்.