அம்பர் வாசனைக்காரர்

பம்புசெட்டுத் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, தெய்வசிகாமணி காதுமடலைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சீயக்காய் போட்டாயிற்று, பயத்தமாவு போட்டாயிற்று, இப்போது செங்கல் தூள். தோல் உரிந்து காது சிவந்துவிட்டது. கரையில் துண்டோடு நிற்கும் மனைவி பாப்பாத்தியிடம் தலையைச் சாய்த்து, "மோந்து பாரு, இன்னும் அடிக்குதா?" என்கிறார்.

அவள் பாவம், தினமும் குனிந்து மோந்து பார்க்கிறாள். "ஒண்ணும் இல்லய்யா. செங்கல் வாசனதான் அடிக்குது. எழுந்து வா, சளி புடிச்சிக்கப் போவுது."

மனுஷன் நம்பினால்தானே! இன்றைக்குத் தேய்ப்பு ஜாஸ்தி. காரணம் இருக்கிறது. தங்கச்சி கொளஞ்சியின் மகள் ஜெயசுதாவுக்கு இன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் இவர்தான். ஆனால் தங்கச்சி கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளையை இவர் இதுவரை தொட்டதுகூடக் கிடையாது.

மணலூர்பேட்டைப் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகும் மேஸ்திரி இவர். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் அத்தர் பெட்டி வைத்திருக்கும் பாய் ஒருநாள் இவர் கையைப் பிடித்துப் பார்த்தாராம். "மல்லி, ரோஜால்லாம் உங்களுக்கு ஒட்டாது மேஸ்திரி. நீங்க ஆளக் கட்டிப் புடிச்சிப் பேசற மனுஷன். ஒடம்புல சூடு ஜாஸ்தி. உங்களுக்கு அம்பர்தான்" என்று தேன் நிறத்தில் ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார். வெல்லப்பாகு கொதிக்கிற வீட்டில் சாம்பிராணி போட்டது மாதிரி ஒரு வாசனை. பூசினதும் சும்மா கிடக்கும். உடம்பு சூடேறினால்தான் கிளம்பும், கிளம்பினால் லேசில் போகாது. ஆளும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் எழுந்திருக்க மாட்டார். துக்க வீடென்றால் தோளில் கையைப் போட்டு உட்கார்ந்தவர் பொழுது சாய்ந்துதான் கையை எடுப்பார். காதில் அம்பர்ப் பஞ்சு இல்லாத மேஸ்திரியை ஊர் பார்த்ததில்லை.

எல்லாம் எண்பத்தேழு மறியலோடு போயிற்று. இடஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டுக்கு வந்த வாரத்தில், இவரும் கொளஞ்சியின் புருஷன் பூமாலையும் ஒரு புளியமரத்தை ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டார்கள். போலீஸ் ஊருக்குள் வந்ததும் இரண்டு பேரும் ஆளுயரக் கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். கொளஞ்சி அப்போது நிறைமாசம். "அவரு பயந்தவருண்ணே. நீதான் பாத்து இட்டாந்து வுடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

கரும்புக்குள் புழுக்கம். அம்பர் கிளம்பிவிட்டது. பூமாலை இவர் காதருகே வந்து கிசுகிசுத்தான். "மச்சான், அந்தப் பஞ்சத் தூக்கிப் போடுங்க. ஊரக் கூட்டுது."

இவரும் காதிலிருந்து எடுத்தார். எடுத்த மனுஷன் எறிந்தாரா? மண்ணிலாவது புதைத்தாரா? போலீஸ் போனதும் வைத்துக்கொள்ளலாம் என்று வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்! என்ன சொல்ல, அந்த வாசனைமேல் அவ்வளவு பிரியம். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கரும்பு வரிசையில் ஒரு போலீஸ்காரன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "கரும்புக்குள்ள இன்னாடா கல்யாண வாசன?"

பூமாலை எழுந்து ஓடினான். கரும்புக்கு அந்தாண்ட, புல் மூடிக் கிடந்த பாழுங்கிணற்றைப் பயத்தில் அவன் பார்க்கவில்லை. பிணமாகத்தான் தூக்கினார்கள்.

இவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொஞ்ச நாள் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். வந்தபோது கொளஞ்சிக்குக் குழந்தை பிறந்திருந்தது. நடந்ததையெல்லாம் தங்கச்சியிடம் இவரே சொன்னார், பஞ்சைச் செருகிக்கொண்டது உட்பட. சொல்லாமல் இருந்திருக்கலாம். மறைக்கத் தெரியாத ஜென்மம். "இனிமே உன் வாசன என் வூட்டுப் பக்கம் வரக்கூடாது" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குப்பி அன்றைக்கே பெண்ணையாற்றில் போயிற்று. வாசனை போகவில்லை என்கிறார். பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் படிக்கட்டில்தான் தொங்குகிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாலு பேர் பக்கத்தில் நிற்கிறார். இப்போது டீக்கடையில் மண்டல் கமிஷன் பேச்சு சூடாக ஓடுகிறது. இவர் கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய்விடுகிறார். யார் தோளிலும் கை போடுவதில்லை. "நான் கிட்ட போனா ஆவாது" என்கிறார். கேட்கவே வயிறு எரிகிறது.

தொட்டியிலிருந்து எழுந்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, பாவாடை சட்டையும் தோடும் வைத்த சீர்த்தட்டோடு தங்கச்சி வீட்டு வாசலில் போய் நிற்கிறார். கொளஞ்சி வெளியே வருகிறாள்.

"தலைக்கு எண்ண கூட வெக்கலம்மா. வேணும்னா மோந்து பாரு."

அவள் கண் கலங்குகிறது. "உன் மேல ஒண்ணும் அடிக்கலண்ணே. எனக்குத்தான் போவ மாட்டேங்குது. அரங்கநாதன வரச் சொல்லிட்டேன். நீ போயிடு." அரங்கநாதன் சித்தப்பா மகன். அவனும் அண்ணன் முறைதான்.

தட்டை அவள் வாங்கவில்லை. இவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி, எதிர்ச் சுவரோரம் மண்ணில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்கிறார். "புள்ளயக் கெட்டியாப் புடிச்சிக்க" என்று உள்ளே ஆசாரி யாருக்கோ சொல்கிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. தெய்வசிகாமணியின் இரண்டு கைகளும் தாமாக எழுந்து, மடியில் இல்லாத பிள்ளையின் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்கின்றன.