ஓடுபாதையில் காய்ந்த கலியாண நெல்

ஐம்பதுகளின் நடுவில், நான் வீதி ஓவசியராக வவுனியாவுக்கு வந்த மூன்றாம் வாரம், எஞ்சினியர் ஐயா கந்தோருக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கொழும்பிலையிருந்து சின்னப் பிளேன் ஒண்டு வருது. பழைய ரன்வேயைத் திரும்பப் பாவிக்கலாமோ எண்டு பாக்கப்போகினம். அதிலை ஒரு நெல்லுமணி கிடந்தாலும் உமக்கு வேலை இல்லை. விளங்கிச்சோ?"

அவர் நெல்லைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. யப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரன் காட்டை வெட்டிப் போட்ட ஓடுபாதை அது. சண்டை முடிந்து பட்டாளம் போனதும் ஊர் அதை எடுத்துக்கொண்டது. பெடியன்கள் அதில் சைக்கிள் பழகினார்கள். அறுவடைக் காலத்தில் சுற்றுவட்டாரத்து நெல்லெல்லாம் அந்தத் தாரில்தான் காய்ந்தது.

மறுநாள் காலையில் நாலு தொழிலாளிகளுடன் போனேன். நெல் காயவிட்டிருந்த எல்லாரும் அள்ளிவிட்டார்கள். சபியா அக்கா மட்டும் அசையவில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் வயலைத் தானே பார்ப்பவர்.

"அக்கா, அள்ளுங்கோ. பிளேன் வருது."

"அவிச்ச நெல்லு, ஓவசியர். இண்டைக்கு வெயில் படாட்டி நாறிப்போம். வாற வெள்ளி தங்கச்சிக்குக் கலியாணம். வாற சனத்துக்கு நாத்தச் சோறோ போடுறது?"

எனக்கு மனம் கேட்கவில்லை. கொழும்பு தெற்கே இருக்கிறது, ஆகவே பிளேன் தெற்கு முனையில் இறங்கி நடுவிலேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"அப்ப வடக்குத் தொங்கலிலை பரவுங்கோ."

அவர் முந்தானையைக் காற்றில் பிடித்துப் பார்த்தார். "சோளகக் காத்து தெற்காலை அடிக்குது. கொக்கும் காத்துக்கு முகம் குடுத்துத்தான் வயலிலை இறங்கும். உங்கட பிளேன் வடக்காலை சுத்தி வராதோ?"

"கொக்கும் பிளேனும் ஒண்டோ, அக்கா?" என்று சிரித்தேன். படித்த திமிர், வேறென்ன. வேறு இடம் இல்லாததால் அவரும் நான் சொன்ன இடத்திலேயே பரவினார்.

பிளேன் தெற்கிலிருந்துதான் வந்தது. ஆனால் இறங்காமல் எங்கள் தலைக்கு மேலால் போய், வடக்குக் காட்டைச் சுற்றித் திரும்பி, மூக்கைத் தாழ்த்தியது. நெல்லை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடினேன்.

"சாக்கு! சாக்கைக் கொண்டாங்கோ!"

பக்கத்தில் நின்ற சனமெல்லாம் ஓடி வந்தது. புதுக் களிசானோடு முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் நெல்லை வழித்துக் கரைக்குத் தள்ளினேன். கீழே ஆட்களைக் கண்ட விமானி மேலே தூக்கி இன்னொரு சுற்றுச் சுற்றினார். அதற்குள் பாதை வெளித்துவிட்டது.

ஜீப்பில் வந்த எஞ்சினியர் ஐயா சாக்குகளைப் பார்த்தார். "உதென்ன?"

நான் வாய் திறக்குமுன் சபியா அக்கா சொன்னார்: "ஓவசியர் எல்லாத்தையும் அள்ளுவிச்சுப்போட்டார் ஐயா. ஒரு மணியும் இல்லை."

ஐயா என் களிசானைப் பார்த்தார். "முழங்காலைத் தட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நடுப்பகலுக்குள் பிளேன் திரும்பிப் போய்விட்டது. மிச்ச வெயிலில் நெல்லைத் திரும்பவும் பரவினோம். நாறவில்லை.

வெள்ளிக்கிழமை கலியாணச் சோற்றில் மூன்றாம் வாய்க்கே எனக்குக் 'கடக்' என்றது. தார் ஒட்டிய கல். யாரும் காணாமல் எடுத்தேன். சபியா அக்கா கண்டுவிட்டார்.

"அது கவுண்மேந்துக் கல்லு, ஓவசியர். கவனமாக் கொண்டுபோய்க் குடுங்கோ!"

அதற்குப் பிறகு எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், வரைபடத்தை விரிக்குமுன் அங்கே நெல் தூற்றுகிறவர்களிடம் காற்றை விசாரித்தேன். பென்சனும் எடுத்தாயிற்று. அந்தக் கல்லை மட்டும் அரசாங்கத்திடம் இன்னும் ஒப்படைக்கவில்லை.