காற்றுக் குழாய்க்குத் தைத்த சட்டை

ஊரைவிட்டு வெளிநாடு வந்து சோலோதுர்ன் நகரில் நாங்கள் இருந்த வீட்டை மாமாதான் பேசாமல் இருக்கச் செய்தார். அப்போது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய காரியங்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று வாய் பிளந்து நின்றதுபோல இன்னும் எங்கும் நிற்கவில்லை.

அது பழைய வீடு. வீட்டுக்காரி கீழே, நாங்கள் மேலே. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு நிலவறையில் எரியும். அந்தச் சூட்டை ஒரு காற்றூதி தகரக் குழாய்களுக்குள் தள்ளிவிட, அது சுவருக்குள்ளால் ஏறி எங்கள் அறைத் தரையிலிருந்த கம்பித்தட்டு வழியாக வெளியே வரும். சூடு வர முன்னம் சத்தம் வந்துவிடும். முதலில் தகரம் டம்மென்று இடிக்கும். பிறகு கட்டிலுக்குக் கீழே ஒரு லொறி எஞ்சினை நிறுத்தாமல் நிற்பதுபோல வீடே உறுமும். ஐந்து மாதத் தங்கச்சி ஒவ்வொரு உறுமலுக்கும் திடுக்கிட்டு எழும்பி அழுவாள். அவள் அழுதால் வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து இடிப்பார். அதற்கும் அழுகை நிற்காவிட்டால் படியேறி வருவார்.

அப்பா ஒருமுறை கம்பித்தட்டின்மேல் போர்வையை மடித்து வைத்து, அதற்குமேல் அரிசி மூட்டையையும் ஏற்றினார். உறுமல் போய் விசில் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அடுப்பு தானே அணைந்துபோனது. வீட்டுக்காரி ஏறி வந்தபோது மாமாவை அலுமாரிக்குப் பின்னால் நிறுத்த வேண்டியதாயிற்று.

மாமா அம்மாவின் தம்பி. அவருடைய அகதிக் கேசை நிராகரித்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அவர் போகவில்லை, எங்களிடம் வந்தார். அவர் இங்கே இருப்பது தெரிந்தால் பொலிஸ் வந்து விமானத்தில் ஏற்றிவிடும் என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு விமானம் என்றால் விருப்பம். ஆகவே அம்மாவின் பயம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

ஊரில் மாமா அரிசி மில்லில் உமி ஊதும் இயந்திரத்தோடு நின்றவர். ஒருநாள் கம்பித்தட்டில் காதை வைத்துப் படுத்துக் கேட்டுவிட்டு எழும்பினார்.

"இது காத்தின்ர சத்தமில்லையக்கா. தகரமும் தகரமும் முட்டிக்கொண்டு நிக்குது. நடுவில சீலை வேணும்."

"நீ பேசாமக் கிட. பிள்ளை அழுதா அழட்டும்," என்றார் அம்மா.

"பிள்ளை அழுதா வீட்டுக்கார மனுசி மேல வரும். மனுசி வந்தா நான் அலுமாரிக்குப் பின்னால. எத்தினை நாளைக்கு?"

அம்மா ஊசி நூலை எடுத்தார். பழைய கூடாரத் துணியை இரட்டையாய் மடித்து, மாமா சொன்ன அளவுக்கு ஒரு சட்டைக் கை மாதிரித் தைத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை வீட்டுக்காரி தேவாலயத்துக்குப் போனதும் மாமா நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். அடுப்பு ஆளை விடப் பெரிய இரும்புப் பெட்டி. மாமா அதை நிறுத்திவிட்டு, மாட்டைத் தடவுவதுபோல அதன் பக்கத்தைத் தடவினார். குளிர்காற்று திரும்பி வரும் குழாய் பெட்டியைத் தொடும் இடத்தில் ஆணிகளைக் கழற்றி, குழாயை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார். அந்த இடைவெளிக்கு அம்மா தைத்த துணியைப் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கினார். கடைசியாகத் தன் ரப்பர் செருப்பை நாலாய் வெட்டி, காற்றூதியின் நாலு காலுக்குக் கீழும் செருகினார். அவரிடம் வேறு செருப்பு இல்லை.

பிறகு மின் ஆளியைப் போட்டார்.

நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாமா என் கைகளை எடுத்துவிட்டார். இடியும் இல்லை, உறுமலும் இல்லை. துணி மட்டும் ஒரு கிழவரின் கன்னம்போல உள்வாங்கி நின்றது. நான் மாடிக்கு ஓடினேன். கம்பித்தட்டிலிருந்து சூடு வந்துகொண்டிருந்தது. தங்கச்சியின் நெற்றி மயிர் அந்தக் காற்றில் அசைய, அவள் தூங்கினாள். கூரைப் பனி உருகிச் சொட்டுவதை அந்த வீட்டில் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். கடவுளால் கூட இதைச் செய்ய முடியுமோ என்று யோசித்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்காரி கதவைத் தட்டினார். மாமா அலுமாரிக்குப் பின்னால் போனார். நிலவறையில் அந்தத் துணியைப் போட்டது யார் என்று வீட்டுக்காரி கேட்டார். எங்கள் வீட்டில் அவருடைய பாஷை தெரிந்தவள் நான்தான்.

"நான் எண்டு சொல்லு," என்றார் அப்பா.

அரிசி மூட்டை ஏற்றிய அப்பாவுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் மாமா செய்தார், அவர் எங்களோடுதான் இருக்கிறார் என்று வீட்டுக்காரியின் பாஷையில் தெளிவாகச் சொன்னேன். வீட்டுக்காரி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நான் சொன்னதை அப்பாவுக்குச் சொன்னபோது யாரும் எனக்கு அடிக்கவில்லை. அம்மா பையை எடுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினார். விடிய முன்னம் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் காரோடு வந்தார். மாமா அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என் தலையில் கை வைத்தார்.

"நீ பொய் சொல்லேல்லைத்தானே," என்றார்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரி ஒரு தட்டோடு வந்தார். கரட் கேக், நாலு துண்டு. பெரிய துண்டைத் தொட்டுக் காட்டி, இது உன் மாமாவுக்கு என்றார். தன் தங்கை வீட்டிலும் இப்படித்தான் உறுமுகிறதாம். மாமா வந்து பார்ப்பாரா என்று கேட்கச் சொன்னார். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். நான் ஒரு சொல்லும் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். மாமா அந்நேரம் ஷாஃப்ஹவுசன் பக்கத்தில் எங்கேயோ எல்லையைக் கடந்துகொண்டிருந்திருப்பார்.

அம்மா கம்பித்தட்டுக்குப் பக்கத்தில் தரையில் இருந்துவிட்டார். குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன். பெரிய துண்டை யாரும் தொடவில்லை. பின்னேரம் வரை பொறுத்திருந்துவிட்டு நானே தின்றேன். மிக நல்ல கேக். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன்.