லாட்ஜிலிருந்து தெரியாத கடல்

பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றினேன், தோள்பட்டை போனது. பிறகு வடலூரில் சில மாதம். அங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, மற்றதுக்கெல்லாம் கஷ்டம். கடைசியில் சிதம்பரத்தில், வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து தரும் ஒரு மாடி அறையில் வேலை கிடைத்தது. தமிழில் வேகமாக டைப் அடிப்பேன் என்பது என் தகுதி. ராத்திரி அங்கேயே படுத்துக் காவலும் பார்ப்பேன் என்பது அதைவிடப் பெரிய தகுதி.

என்னிடம் கொடுத்தது 'ஆல்ட் டெக்ஸ்ட்'. வெப்சைட்டில் போடும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். பார்வையில்லாதவர்களுக்கு அவர்கள் போன் அதை வாசித்துக் காட்டும். சிக்னல் இல்லாமல் படம் வராவிட்டால், படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வரி தெரியும். மற்றபடி யார் கண்ணிலும் படாது. அதனால்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

எங்கள் முதலாளிக்குத் தெரிந்தது ஒரே வரி: 'சிதம்பரம் பெஸ்ட் லாட்ஜ் கடலூர் பெஸ்ட் லாட்ஜ்.' அப்படிப் போட்டால் தேடுகிறவர்களுக்கு நாம்தான் முதலில் வருவோமாம். கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் எல்லாப் படங்களுக்கும் அதையே ஒட்டினேன். வாசல், கட்டில், கழிவறை எல்லாமே பெஸ்ட் லாட்ஜ்.

ஒருநாள் சைட்டின் அடியில் இருந்த எங்கள் ஆபீஸ் நம்பருக்குக் கடலூரிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். பார்வை இல்லாதவர்.

"சார், உங்க லாட்ஜ் சைட்ட என் போன் படிச்சுது. பெஸ்ட்டுன்னு நல்லாவே புரிஞ்சிடுச்சி. கதவு எந்தப் பக்கம்னுதான் புரியல."

என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். சிதம்பரத்தில் அவருக்கு ஒரு வாரம் பயிற்சி. தனியாக வந்து தங்க வேண்டும் என்று நினைக்கிறார். அண்ணனோ, தானும் லீவு போட்டுக்கொண்டு கூட வருவேன், இல்லாவிட்டால் பயிற்சியே வேண்டாம் என்கிறாராம்.

"அங்க வந்து ஒரு எடத்துல திணறி நின்னாக்கூட போதும் சார். அப்புறம் ஆயுசுக்கும் என்ன தனியா விட மாட்டாரு."

உடனே 'விசாலமான, அழகிய அறை' என்று திருத்திவிட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"அழகு இருக்கட்டும் சார். தாழ்ப்பாள் இருக்கா?"

அதற்கு மேல் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுத முடியவில்லை. லாட்ஜுக்குப் போனேன். லாட்ஜ்காரர் இல்லை, குமராட்சியில் அவருடைய வயலைப் பார்க்கப் போயிருந்தார். இருந்திருந்தால் எனக்குக் கை ஓடியிருக்காது. பார்த்ததை எழுதினேன்.

'வாசல் படிகள். கைப்பிடி கிடையாது. வலது சுவரைத் தொட்டபடி ஏறலாம்.'

'கீழ்த்தள நடை. இடது பக்கம் கடைசிக் கதவு. வழியில் வாட்டர் கேன்கள் கிடக்கும்.'

'அறைக் கதவு. தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போட்டால்தான் விழும்.'

'குளியலறை. ஹீட்டர் இருக்கிறது. வெந்நீர் இல்லை.'

கடைசிப் படம் கடல். சிதம்பரத்து லாட்ஜுக்குத் தேவனாம்பட்டினத்துக் கடலை வைத்திருந்தார்கள். ஐஸ் சுமந்த கரை எனக்குத் தெரியாதா? 'கடல். லாட்ஜிலிருந்து தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும்' என்று முடித்தேன்.

டீச்சர் அதை அண்ணனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். "சிரிச்சிட்டாரு சார். தன் லாட்ஜ இவ்ளோ மோசமா சொல்றவன் பொய் சொல்ல மாட்டான், போயிட்டு வான்னுட்டாரு." டீச்சர் அந்தக் கடைசிக் கதவு ரூமையே போட்டுவிட்டார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. குமராட்சி மினி பஸ்ஸில் லாட்ஜ்காரர் தன் மச்சானுக்குப் பெருமையாக வெப்சைட்டைக் காட்டியிருக்கிறார். சிக்னல் இல்லை. படம் ஒன்றுகூட வரவில்லை, என் வரிகள் மட்டும் வந்தன. மச்சான் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாராம்.

எங்கள் முதலாளிக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தமிழ் நல்லாத்தான் வருது ஒனக்கு. எல்லாத்தயும் அழிச்சிட்டு, அவுருகிட்ட நேர்ல போயி மன்னிப்பு கேட்டுட்டு, வேற எடம் பாத்துக்க."

அழிக்கலாம் என்றால் மழையில் எங்களுக்கும் நெட் இல்லை. நெட் இல்லாததுதான் என் வரிகளைக் காட்டிக்கொடுத்தது, அதுவே அவற்றைக் காப்பாற்றியும் வைத்தது. மன்னிப்புக்கு நெட் தேவையில்லை என்பதால் மழை விட்டதும் கிளம்பினேன்.

லாட்ஜ்காரர் முன் நான் கையைக் கட்டி நின்றபோதுதான் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது சுவரைத் தொட்டு ஏறி வந்தார்.

"கூட யாரும்மா?" என்றார் லாட்ஜ்காரர்.

"யாருமில்லீங்க."

"தொணையில்லாம எப்பிடிம்மா? ரூம் தெரியாம திண்டாடுவீங்க. அண்ணன் நம்பர் இருந்தா குடுங்க, வரச் சொல்லிடறேன்."

"தர்றேங்க. மொதல்ல சாவிய குடுங்க. நான் திண்டாடினா கூப்பிடுங்க."

சாவியை வாங்கிக்கொண்டு நடந்தார். குச்சி வாட்டர் கேனைத் தொட்டது, ஒதுங்கியது. கடைசிக் கதவு திறந்து மூடியது. தாழ்ப்பாள் ஒரே தடவையில் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. லாட்ஜ்காரர் கையில் எடுத்திருந்த போனைக் கீழே வைத்தார்.

"முன்னாடி வந்திருக்காங்களா?"

"இல்லீங்க. ஒங்க சைட்ல படிச்சாங்க."

லாட்ஜ்காரர் நடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்ப அதெல்லாம் கெடக்கட்டும். அந்தக் கடல மட்டும் எடுத்துடு."

"படத்தையா, எழுதினதையா?"

"எழுதினத. படம் நல்லாத்தான இருக்கு."

நெட் வந்ததும் எடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பினேன். எங்கள் முதலாளி மனம் மாறவில்லை. டீச்சர் வாரம் முழுக்கத் தங்கிவிட்டுத் தனியாகவே ஊர் திரும்பினார். கடல் படம் இன்னும் சைட்டில் இருக்கிறது. கண் தெரிந்தவர்கள்தான் அந்த லாட்ஜுக்குப் போன் செய்து, கடல் தெரிகிற ஜன்னல் உள்ள ரூமாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்கிறார்களாம்.