பாப்பாயியின் சுவரில் ஒன்றுமில்லை

நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் பொங்கல் வந்தால் சுவர்களுக்கு மூச்சு முட்டும். பெண்கள் வெள்ளையடித்த கையோடு காவியைக் கரைத்துப் பட்டை, பூ, கிளி என்று அப்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டுச் சாலம்மாள் ஒரு வருஷம் ரயில் வண்டியே விட்டாள். சக்கரம் எத்தனை என்று நினைவில்லாததால் இடம் தீரும்வரை போட்டாள்.

பாப்பாயிக்கும் அந்த ஆசை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத் தையில், விருந்தாளி உட்காரும் ஆசாரத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, துணிச்சுருளைக் காவியில் தோய்த்து இடுப்பு உயரத்தில் ஒரு கோடு இழுத்தாள். முக்கால் தூரத்தில் காவி தீர்ந்துபோனது. மறுபடி தோய்க்கத் திரும்பியவள் சுவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் களி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் நகர்ந்தாள். அதற்குமேல் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

காட்டுவேலை ஓய்ந்த மத்தியானங்களில் அந்தச் சுவருக்கு எதிரே போய் உட்காருவாள். நாலு எருமை, பதினோரு ஏக்கர், ஓயாமல் பேசும் ஒரு புருஷன். இத்தனைக்கும் நடுவே அவளிடம் எதையும் கேட்காதது அந்தச் சுவர் ஒன்றுதான்.

"அங்க என்னத்த இருக்குதுன்னு பாக்கறே?" என்பார் புருஷன் சென்னியப்பன்.

"ஒண்ணுமில்லீங்க. அதத்தான் பாக்கறனுங்க."

ஆடி மாதம் சென்னியப்பன் சேலத்திலிருந்து சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி வந்தார். ஊரில் யாருக்கும் மணி தெரிய வேண்டியிருக்கவில்லை. சென்னியப்பன் வீட்டில் மணி அடிக்கிறது என்பது மட்டும் தெரிய வேண்டியிருந்தது. வீதியில் போகிறவன் கண்ணில் படுவது ஆசாரத்துச் சுவர்தான். அது சும்மாத்தானே கிடக்கிறது என்றார்.

பாப்பாயி அவர் கையிலிருந்த ஆணியைப் பார்த்தாள். ஓர் ஆணி ஏறினால் அது பங்காளிகளைக் கூட்டிவரும்: இன்றைக்குக் கடிகாரம், நாளைக்குக் குடை, அப்புறம் மாட்டுக் கயிறு. ஆனாலும் சண்டை பிடிக்கவில்லை.

"தாராளமா அடிச்சுக்குங்க. எந்த எடம்னு மட்டும் உக்காந்து பாத்துட்டு அடிங்க. கோணலாப் போச்சுன்னா நாளைக்கு என்னையச் சொல்லப்படாது."

சென்னியப்பன் ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு, சுத்தியலோடு உட்கார்ந்தார். கோட்டுக்கு மேலே அடித்தால் காக்கை உட்கார்ந்த மாதிரி இருக்கும். கோடு முடிந்த இடத்திலோ, அது இன்னும் நடந்து போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றியது. போகிறவன் காலில் ஆணி அடிப்பதா? மூலையில் அடித்தால் மொத்தச் சுவரும் சாய்ந்துவிடும். வாசல் வழியே வந்த சாய்வெயிலில் வெள்ளையடித்த மட்டையின் தடங்கள் மெல்லத் தெரிந்து மெல்ல மறைந்தன. உதட்டில் ஆணி இருந்ததால் பேசவும் வழியில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்த வீடு அன்றுதான் அமைதி என்றால் என்னவென்று கண்டது.

கடிகாரம் பார்க்க வந்த சாலம்மாள் பயந்துபோய்ச் சமையற்கட்டுக்கு ஓடினாள். அண்ணன் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே, வைத்தியனைக் கூப்பிடட்டுமா என்றாள்.

"எடம் பாக்கறாரு" என்றாள் பாப்பாயி.

மறுநாளும் இடம் பார்த்தார். அதற்கு மறுநாளும். கடிகாரம் கடைசியில் மாட்டுக் கொட்டகைத் தூணில் ஏறியது. முதல்நாள் காலை ஆறு அடித்ததும் கறவையில் நின்ற எருமை சொம்பை உதைத்தது, பிறகு பழகிக்கொண்டது.

அடுத்த தையில் பாப்பாயி வெள்ளையடித்து முடித்ததும் சென்னியப்பனே காவியைக் கரைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரே கோடு போதும் புள்ள. சாலம்மா மாதிரி எதையாச்சும் இழுத்து வெக்காதே. முக்காவாசியில நிறுத்து, நாஞ் சொல்றேன்."

"சரீங்க" என்றாள் பாப்பாயி.

அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். அவள் நிறுத்த நினைத்திருந்த இடமும் அதுதான்.